புல்லுக்குப் போர்த்திய போர்வை

வேலம்மா வைக்கோலை இரண்டு கையாலும் வாரி ஒதுக்கினாள். அடியில் இளம்புல் முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. எண்ணெய் வைத்துச் சீவிவிட்ட தலைபோல அவ்வளவு ஒழுங்காகக் கிடந்தது.

கொடைக்கானல் மேல்மலையில், கூக்கால் ஏரியின் அக்கரையில் வெயில் விழுந்திருந்தது. இக்கரைக்கு வர இன்னும் நேரம் ஆகும். நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மப்ளர் சுற்றி, காதில் பஞ்சும் வைத்திருந்தேன். அவளுக்குச் சேலைத் தலைப்பு போதும்.

"முந்தாநேத்து ஊசி ஊசியா நின்னுச்சு மாமா. இப்பப் பாருங்க, அடிச்சுப் போட்ட மாதிரி கெடக்கு."

"பனி" என்றான் அவள் புருஷன் குருசாமி. வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு சொல்லை அவன் வருத்தத்தோடு சொல்லவில்லை. வழக்கில் ஜெயித்தவன் சொல்வதுபோல் சொன்னான்.

குருசாமி என் மனைவி ராஜத்தின் அண்ணன் மகன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ராஜத்தின் பிறந்த ஊருக்கே வந்துவிட்டோம். எழுபத்தாறு வயதிலும் இந்த ஊருக்கு நான் மாப்பிள்ளை. பல் விழுந்த மாப்பிள்ளை என்று முதுகுக்குப் பின்னால் சொல்வதும் எனக்குத் தெரியும். விழுந்தவை ஒன்பதுதான்.

அந்தப் புல்லை நம்பி என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது வழிவழியாகப் பூண்டு போட்ட நிலம். வேலம்மா மூன்று கறவை மாடுகளைப் பிடித்து வந்தபோது குருசாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தை, மாசியில் உறைபனி விழுந்தால் மலைப்புல் கருகிவிடும். மாடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பிக்கும். வைக்கோல் பழனியிலிருந்து மலையேறி வர வேண்டும். அதனால் பூண்டு நிலத்தில் பாதியைத் தீவனப் புல்லுக்குத் தரச் சொல்லிக் கேட்டாள். ஒரு வாரம் வீட்டில் பேச்சு இல்லை. ராஜம்தான் போய்ச் சமாதானம் செய்து வைத்தாள்.

முடிவு இதுதான். மாசியில் சையது பாய் வண்டி வரும். அப்போது அறுக்கிற அளவுக்குப் புல் நின்றால் மாடுகள் இருக்கும். இல்லையென்றால் மூன்றும் அந்த வண்டியிலேயே கீழே இறங்கும். நிலம் பூண்டுக்குத் திரும்பும்.

சையது பாய் பழனிக்காரர். குட்டியானை என்று சொல்கிறோமே, அந்தச் சின்ன லாரியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு மேலே வருவார். வெறும் வண்டியாகத் திரும்புவது அவருக்குப் பிடிக்காது. மாடு ஏற்றிக்கொண்டு போவார். நல்ல மனிதர். ஆனால் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் வேலம்மாவுக்கு முகம் மாறிவிடும்.

இப்போது கார்த்திகை பாதி. புல் படுத்துவிட்டது.

நுனியா, கழுத்தா

நான் உட்கார்ந்தேன். என் முழங்கால் உட்காருவதற்கு ஒரு சத்தமும் எழுந்திருப்பதற்கு இரண்டு சத்தமும் போடும். ஒரு பிடி நாற்றை மண்ணோடு எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஐம்பதை எண்ணிப் பிரித்தேன்.

பனி என்றால் நுனியில் தெரியும். இலையின் முனை வெளுத்து, பிறகு கருகும். என் கையில் இருந்த ஐம்பதில் நுனி கருகியவை மூன்று. மற்ற நாற்பத்தேழுக்கும் நுனி பச்சையாக இருந்தது. கோளாறு கீழே, மண்ணை ஒட்டிய இடத்தில். கழுத்தில் நூல் கட்டி இறுக்கியதுபோல் இளைத்து, பழுப்பாகி, பிசுபிசுத்தது. இழுத்தால் சத்தமில்லாமல் கையோடு வந்தது. வேர் மண்ணிலேயே தங்கிவிட்டது.

"பனி இல்லை. நாற்றழுகல்" என்றேன்.

"அப்படின்னா?"

"பூஞ்சாணம். மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஈரமும் இருட்டும் கிடைத்தால் இளநாற்றின் கழுத்தைப் பிடிக்கும்."

குருசாமி பீடியை வாயிலிருந்து எடுத்தான். "தக்காளி நாத்துக்கு வரும், கேட்டிருக்கேன். முட்டைக்கோசு நாத்துக்கு வரும், பாத்திருக்கேன். புல்லுக்கா? புல்லுக்கே சீக்கு வந்துட்டா அப்புறம் பூமியில என்ன மாமா மிச்சம்?"

"ஏலே, புல்லும் நாற்றாகத்தான் பிறக்கிறது."

"வேணாம்னு பிடுங்குற புல்லு சாக மாட்டேங்குது. வேணும்னு வெதைச்ச புல்லு சாகுது. நீங்க படிச்சவங்க, சொன்னாச் சரிதான்."

அவன் கேட்டது நியாயமான கேள்வி. புல்லுக்கு நம் ஊரில் சாகாத வரம் பெற்ற பெயர். மிதித்தால் எழுந்திருக்கும், மேய்ந்தால் வளரும், எரித்தால் துளிர்க்கும். அதெல்லாம் வளர்ந்த புல்லுக்கு. முளைத்த முதல் மூன்று வாரத்தில் அதுவும் பச்சைக் குழந்தைதான். நாலு இலை விட்டு, கழுத்து முற்றிவிட்டால் பூஞ்சாணம் கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதற்கு முன்னால் கண்டம்.

ஒரு விடுதியின் புல்தரை

என் உத்தியோகமே எண்ணுவதுதான். விதைப் பரிசோதனை நிலையத்தில் முப்பத்து மூன்று வருடம். ஈரக் காகிதத்தில் விதைகளை வரிசையாக வைத்து, முளைத்தவை எத்தனை, கோணலாக முளைத்தவை எத்தனை, அழுகியவை எத்தனை என்று பிரித்து எண்ண வேண்டும். கல்யாணமான புதிதில் சாதத்தில் கிடந்த கல்லையும் எண்ணிச் சொன்னேன். ராஜம் அதை இன்னும் மறக்கவில்லை.

மழைக்காலத்தில் சில காகிதங்களில் வெள்ளைப் பஞ்சு படரும். பிசினும் புழுக்க நாற்றமும் சேர்ந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனை என் மூக்கில் நிரந்தரமாக ஏறிவிட்டது. வேலம்மாவின் வைக்கோலுக்கு அடியிலிருந்து அன்று அதே வாசனை வந்தது. ஐம்பதை எண்ணுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எண்ணாமல் சொல்லக் கூடாது.

வேலையில் இருந்த காலத்தில் கொடைக்கானலில் ஒரு விடுதிக்காரர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வாசலில் பெரிய புல்தரை. அதில் வழுக்கை வழுக்கையாகத் திட்டுகள்.

"சார், சீசன் வருது. கெஸ்ட் எல்லாம் இதுல உக்காந்துதான் போட்டோ எடுப்பாங்க. லான் பேட்ச் பேட்ச்சா போகுது. எவ்வளவு சீட் போட்டாலும் நிக்க மாட்டேங்குது."

"எத்தனை தடவை போட்டீர்கள்?"

"நாலு தடவை சார். ஒவ்வொரு தடவையும் டபுள் டபுளா."

அதுதான் சங்கதி. நெருக்கமாக விதைத்தால் நாற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அடியில் காற்று போகாது. ஒரு கழுத்திலிருந்து அடுத்த கழுத்துக்குப் பூஞ்சாணம் நடந்தே போய்விடும். அவர் ஒவ்வொரு முறையும் அதற்குப் பந்தியைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். கால் பங்கு விதை போடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னை அவர் நம்பினாரா என்று தெரியாது. அடுத்த முறை அந்த வழியாக பஸ்ஸில் போனபோது புல்தரை முழுவதும் சிமெண்டுக் கல் பதித்திருந்தார்.

வேலம்மாவால் அப்படிக் கல் பதிக்க முடியாது.

இட்லித் தட்டு

அவள் வாங்கி வந்த விதை மூன்று வகை. ஓட்ஸ், ரை புல், மூன்றாவது காக்ஸ்ஃபுட் என்று பையில் எழுதியிருந்த ஒரு புல். மூன்றையும் கலந்து விதைத்திருந்தாள். எது எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல் மறுபடி விதைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவளுடைய வயலிலிருந்தே ஒரு பை மண் எடுத்து வந்தேன்.

வீட்டில் இட்லித் தட்டுகள் இருந்தன. குழிக்குழியாக, அடியில் ஓட்டையோடு. என் தேவைக்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. குழிக்கு இருபது விதை வீதம் போட்டேன். ஒரு தட்டைத் திறந்தபடி ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். இன்னொரு தட்டை ஈரத் துணியால் மூடி வைத்தேன்.

ராஜம் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். "ஏங்க, சாணி கலந்த மண்ணா அது?"

"கொஞ்சம்."

"அந்தத் தட்டுல இனிமே ஒங்களுக்கு மட்டும்தான் இட்லி."

திறந்த தட்டில் மூன்று வகையும் அநேகமாக முழுக்க நின்றன. மூடிய தட்டில்தான் விஷயம் தெரிந்தது. ஓட்ஸ் பெரிய விதை, தடித்த தண்டு. ஒரு குழியில் இரண்டு மூன்று மட்டும் சாய்ந்தன. ரை புல் வேகமாக எழுந்தது, பிறகு பாதி விழுந்தது. காக்ஸ்ஃபுட் மெதுவாக முளைக்கிற சாதி. மேலே வந்ததே நாலைந்துதான். மற்றவற்றைக் கிளறிப் பார்த்தேன். மண்ணுக்குள்ளேயே முளை அழுகியிருந்தது. எவ்வளவு நேரம் மண்ணுக்குள் தங்குகிறதோ அவ்வளவு நேரம் பூஞ்சாணத்துக்கு விருந்து.

ஆக, கொல்வது குளிர் இல்லை. மூடின ஈரம். அதை வயலில் உண்டாக்கியது யார்?

மேல்மலைக்காரர்கள் பனியோடு போராடியே பழகியவர்கள். உருளைக்கிழங்குச் செடிக்கு அந்தியில் வைக்கோல் போர்த்துவார்கள். வெள்ளனே எழுந்து, வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவார்கள். வெயில் முந்திக்கொண்டால் இலை வெந்துபோகும். உருளைக்கு இது உயிர் காக்கிற வைத்தியம். கேரட் விதையையோ தாராளமாக வீசி விதைத்து, பிறகு களைந்துகொள்வார்கள். குருசாமியும் வேலம்மாவும் இரண்டு உபசாரத்தையும் சேர்த்துப் புல்லுக்குச் செய்திருந்தார்கள். கேரட் மாதிரி நெருக்கி விதைத்து, பச்சைச் சாணி போட்டு, உருளை மாதிரிப் போர்த்தி, விடிந்தால் தண்ணீர்.

அந்தப் புல்லின் பூர்வீகமே குளிர்நாடு. பனியில் கொஞ்சம் நுனி கருகும், அவ்வளவுதான்.

செவலையின் திருட்டு

தட்டுகளைத் துணி மூடி எடுத்துக்கொண்டு போய் குருசாமியிடம் காட்டினேன். அவன் ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒங்க வீட்டு ஜன்னல்ல பனி பெய்யுமா மாமா?"

எனக்குக் கோபம் வந்தது. கேள்வியில் தப்பில்லை என்பதால் கோபம் இன்னும் கூடியது. வாசலில் வைத்துச் சோதனை செய்யலாம் என்றால் ராஜத்தின் கோழிகள் கொத்திவிடும்.

வேலம்மா சாணிக் கூடையைக் கீழே வைத்தாள். "இங்க வாங்க ரெண்டு பேரும்."

வயலின் மேற்கு மூலைக்குக் கூட்டிப் போனாள். தொழுவத்தை ஒட்டிய இடம். சேறு என்று நான் அதுவரை அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே ஒரு கட்டில் அகலத்துக்குப் புல் நின்றது. நுனி லேசாகப் பழுத்திருந்தது. ஆனால் நின்றது.

"இங்க மட்டும் எப்படி?" என்றேன்.

"ரெண்டு மூணு வாரத்துக்கு முந்தி செவலை கயத்த அத்துக்கிட்டு வந்து இந்த மூலையில போர்த்தின வைக்கோலப் பூராத் தின்னுருச்சு. இவுக அதைக் கம்பால அடிச்சாக. கோவத்துல நானும் திருப்பிப் போர்த்தல. தண்ணியும் இந்த மூலைக்கு எட்டாது, ஓசு நீளம் பத்தாது. அன்னையிலருந்து எல்லாப் பனியும் இதுமேலதான் பெய்யுது."

செவலை என்பது மூன்றில் மூத்த மாடு. சிவப்பு நிறம், ஒரு கொம்பு வளைந்தது, திருட்டுக்குப் பேர்போனது.

நான் மறுபடி உட்கார்ந்து, பிடுங்காமல், விரலால் விலக்கி விலக்கி எண்ணினேன். கழுத்து இளைத்தது ஐம்பதுக்கு நான்கு. எனக்குக் குளிர் விட்டுப்போயிற்று. மப்ளரைக் கழற்றிவிட்டேன்.

குருசாமி மாட்டையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப இனிமே செவலையே வெள்ளாமை பாக்கட்டும். நான் கட்டுத்தறியில நிக்கிறேன்."

"நின்னா நல்லாத்தான் இருக்கும். பால்தான் வராது" என்றாள் வேலம்மா.

வைக்கோல் போரின் மேல்

மார்கழி பிறந்ததும் மறுவிதைப்பு. காக்ஸ்ஃபுட்டை விட்டுவிட்டோம். ஓட்ஸும் ரை புல்லும் மட்டும், முதல் தடவை போட்டதில் பாதி விதை. பூஞ்சாணத்தைத் தின்கிற பூஞ்சாணம் ஒன்று உண்டு, டிரைக்கோடெர்மா என்று பொடியாகக் கிடைக்கும். அதை விதையோடு பிசறினோம். பாத்திகளை ஒரு சாண் உயர்த்தி, நடுவே வடிகால் வெட்டினோம். தண்ணீர் முற்பகலில் மட்டும். அந்திக்குள் மேல்மண் உலர்ந்துவிட வேண்டும். முளை தெரிந்த பிறகு போர்வை கிடையாது.

கடைசி விதிதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. வயலுக்கு மேலே போகிற பாதையில் நின்று பெண்கள் கேலி பேசினார்கள்.

"ஏ வேலம்மா! புல்லு நடுங்குதுடி, ஒரு கம்பளி குடுடி!"

"ஒன் மாமியாக்காரி போர்த்தியிருக்கிறதத் தா, போர்த்துறேன்!"

முளை வந்து இரண்டு இலை விட்ட சமயம். ஒரு சாயங்காலம் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. காற்று நின்றுவிட்டது. அதற்கு அர்த்தம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லா வயலிலும் வைக்கோல் விரிக்க ஆரம்பித்தார்கள். நான் போனபோது குருசாமி கயிற்றோடு வைக்கோல் போர் அருகில் நின்றான். வேலம்மா போரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எறங்குடி."

"மாட்டேன்."

"இன்னைக்கு விழப்போற பனி சும்மாப் பனி இல்ல. ஏரியே கண்ணாடி ஆகப்போகுது. ஒரே ஒரு ராத்திரி போர்த்திட்டு எடுத்துருவோம்."

"ஒரு ராத்திரின்னுதான் போன தடவையும் ஆரம்பிச்சீக. புல்லு போச்சுன்னா ஒங்களுக்கு என்ன, பூண்டு நடுவீக. போறது என் மாடு. செத்தா அது பனியில சாகட்டும். புழுங்கிச் சாக வேணாம்."

குருசாமி என் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க மாமா. பொறுப்பு ஒங்களுது."

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மனதில் சந்தேகம் இல்லை. ஐம்பதுக்கு நாற்பத்தேழு, ஐம்பதுக்கு நான்கு. இரண்டு எண்களும் என்னோடு நின்றன. "போர்த்தாதே" என்றேன்.

அவன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு உருளை வயலுக்குப் போனான்.

விடிந்ததும் நான் அங்கே இருந்தேன். ராஜமும் வந்திருந்தாள், சால்வைக்குள் கையை வைத்தபடி. வயல் முழுக்க உப்புக் கொட்டியதுபோல் வெள்ளை. ஒவ்வொரு புல்லும் கண்ணாடிக் குச்சியாக நின்றது. குருசாமி கையில் தண்ணீர் ஓசு இருந்தது. பழக்கம்தான். கை தானாகக் குழாய்க்குப் போயிற்று.

"குழாயத் தொறந்தீக, வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரியாது" என்றாள் வேலம்மா.

ஓசு கீழே விழுந்தது. ஏரியைத் தாண்டி வெயில் மெதுவாக வந்தது. முதல் பாத்தியில் விழுந்தது. வெள்ளை மறைந்து, தண்ணீராகி, துளியாகி, சொட்டியது. அடியில் பச்சை. நுனிகள் மட்டும் துவண்டிருந்தன. அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி. படுத்தது ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

"எண்ணலையா?" என்றாள் ராஜம்.

"எண்ணாமலே தெரிகிறது" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இருக்கிறதா என்று.

மாசியில் வந்த வண்டி

நாலு இலை வந்தது. கழுத்து முற்றியது. அதற்குப் பின் எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் தினம் போய்க் குறை சொல்லிவிட்டு வந்தேன். வடிகாலில் குப்பை கிடக்கிறது, காட்டுமாடு வராமல் வேலியைக் கட்டுங்கள், இப்படி ஏதாவது.

மாசியில் ஒரு நாள் சையது பாயின் குட்டியானை வளைவில் ஏறுகிற சத்தம் கேட்டது. நான் என் வேகத்தில் போய்ச் சேருவதற்குள் அவர் இறங்கி வயல் ஓரத்தில் நின்றிருந்தார். முழங்கால் உயரப் புல் காற்றில் சாய்ந்து எழுந்தது. கரையோரம் இரண்டு பாத்தி ஏற்கெனவே அறுத்திருந்தது.

"என்ன குருசாமி, மாடு மூணும் ரெடியா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் பாய்.

வேலம்மா கையில் அரிவாளோடு புல்லுக்குள் நின்றாள். நிமிரவில்லை. புருஷன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று முதுகாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

குருசாமி பீடியை அணைத்துக் காதில் சொருகினான். "இல்ல பாய். அதுகளுக்குச் சோலி கெடக்கு."

"மாட்டுக்கு என்னப்பா சோலி?"

"தின்னுக்கிட்டு இருக்கு."

பாய் சிரித்தார். "சரி, அப்ப வைக்கோலும் வேணாம். வந்த பாரத்தோடயே நான் எறங்கணும்."

"ரெண்டு கட்டுப் போடுங்க" என்றான் குருசாமி. "உருளைக்குப் போர்த்தணும்ல."

அப்போதுதான் வேலம்மா நிமிர்ந்தாள். அறுத்த புல்லில் ஒரு கட்டைத் தூக்கி வந்து வண்டியில் போட்டாள். "ஒங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் பாய்."

வண்டி இரண்டு கட்டு வைக்கோல் குறைந்து, ஒரு கட்டுப் புல் கூடி, புறப்பட்டது. வளைவில் அது மறைகிறவரை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தொழுவத்தில் செவலை தலையைத் தூக்கவேயில்லை.